முதலீடு என்று வந்த கைமாற்று

கனடாவில் இருக்கும் அண்ணன், யாழ்ப்பாணத்தில் தம்பி கடை திறப்பதற்குப் பத்தாயிரம் டொலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கடையில் எனக்கும் ஒரு பங்கு" என்று சொல்லி அனுப்பினால், கடை ஓடினால்தான் அவருக்கும் ஏதாவது வரும், நட்டப்பட்டால் அவருடைய காசும் போகும். "கைமாற்றாக வைத்திரு, பிறகு தா" என்று அனுப்பினால், கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தம்பி கடன்காரன். காசு அதே காசுதான், கடையும் அதே கடைதான்.

அண்ணன் தம்பிக்குள் இது வாய்ப்பேச்சில் தீர்ந்துவிடும், அல்லது தீராமலே பத்து வருடம் இழுபடும். பன்னாட்டுக் கம்பனிகளுக்குள் அப்படி இல்லை. வெளிநாட்டில் தொழிற்சாலை போடும் கம்பனி, போடுகிற காசில் எவ்வளவு பங்கு, எவ்வளவு கடன் என்று கணக்காளர்களையும் வரி ஆலோசகர்களையும் வைத்துத் தீர்மானித்துவிட்டுத்தான் முதல் டொலரை அனுப்புகிறது. ஆனால் "இந்த வருடம் இத்தனை பில்லியன் டொலர் வெளிநாட்டு நேரடி முதலீடு" என்று செய்தி வரும்போது பங்கும் கைமாற்றும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்க்காமல் நானும் பல வருடம் அந்த எண்ணை வாசித்திருக்கிறேன்.

முதலில் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். நாட்டுக்குள் வரும் காசுக்கும் வெளியே போகும் காசுக்கும் எழுதும் கணக்குக்குச் சென்மதி நிலுவை என்று பெயர். நாடுகள் அதை எழுதுவது சர்வதேச நாணய நிதியத்தின் கைநூலை வைத்து. இப்போது பெரும்பாலான நாடுகள் பின்பற்றுவது 2009இல் வந்த ஆறாம் பதிப்பு. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை இருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குக் குறைந்தால் பங்குச்சந்தையில் வாங்கி விற்கிற மாதிரியான முதலீடு, வேறு நிரல். (கனடா அண்ணனும் 10 சதவீதம் வைத்திருந்தால் புள்ளிவிபரக்காரருக்கு அவரும் நேரடி முதலீட்டாளர்தான்.) நேரடி முதலீட்டுக்குள் மூன்று வரிகள் உண்டு. புதிதாகப் போட்ட பங்கு மூலதனம் ஒன்று. உழைத்த இலாபத்தை வெளியே எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தது இன்னொன்று. மூன்றாவது, தாய், மகள், சகோதரம் என்று ஒரே குழுமத்துக்குள் இருக்கும் குடும்பக் கம்பனிகள் ஒன்றுக்கொன்று கொடுத்த கடன்.

இந்த மூன்றாவது வரி நினைப்பதைவிட அகலமானது. தாய்க் கம்பனி எழுத்தில் கொடுத்த நீண்டகாலக் கடன் மட்டும் இதில் இல்லை. தாய்க் கம்பனி அனுப்பிய துணிக்கும் இயந்திரத்துக்கும் மகள் கம்பனி இன்னும் காசு கட்டவில்லை என்றால் அந்த நிலுவைப் பட்டியலும் இதற்குள் வரும். சகோதரக் கம்பனிகளுக்குள் ஓடும் கடனும் வரும். வங்கிகளுக்கும் அவை போன்ற சில நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் விலக்கு. ஒரே குழுமத்தில் இருக்கும் அவை தங்களுக்குள் கொடுத்து வாங்குவது நாளாந்தத் தொழில் என்பதால் அதை நேரடி முதலீடாக எழுதுவதில்லை. ஆக, பியகம ஏற்றுமதி வலயத்தில் ஒரு கம்பனி மூன்று மாதம் தாய்க் கம்பனிக்குப் பில் கட்டாமல் தாமதித்தால், கணக்கில் இலங்கைக்கு வந்த நேரடி முதலீடு கூடும். கட்டிவிட்டால் குறையும். புதிய செங்கல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்காது.

இலங்கையில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 2018ஆம் ஆண்டில் வெளிநாட்டு நேரடி முதலீடு 2.3 பில்லியன் டொலரைத் தாண்டியது, அதுவரை இல்லாத உச்சம் என்று அப்போது பெரிதாகச் சொல்லப்பட்டது. அதே வருடத்துக்குச் சென்மதி நிலுவைக் கணக்கிலும் ஐக்கிய நாடுகளின் முதலீட்டு அறிக்கைகளிலும் இருந்தது சுமார் 1.6 பில்லியன். யாரும் பொய் சொல்லவில்லை. முதல் எண், முதலீட்டுச் சபையில் பதிவான கம்பனிகள் வெளிநாட்டில் வாங்கிய கடன்களையும் உள்ளடக்கியது. கடன் கொடுத்தவர் அந்தக் கம்பனியில் ஒரு பங்குகூட இல்லாத வெளிநாட்டு வங்கியாக இருந்தாலும் அது அதற்குள் வரும். இரண்டாவது எண்ணில் தாய்க் கம்பனி, சகோதரக் கம்பனி கொடுத்த கடன் மட்டும்தான் இருக்கும். மத்திய வங்கியின் அறிக்கை "வெளிநாட்டுக் கடன்கள் உள்ளடங்கலாக" என்று நேர்மையாகவே எழுதும். மேடைக்குப் போகும் வழியில் அந்த இரண்டு மூன்று சொற்கள் உதிர்ந்துவிடும். அந்த 1.6 பில்லியனும் தொழிற்சாலைக் கதவுகளால் ஆனதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீன மேர்ச்சன்ட்ஸ் கம்பனி ஒப்புக்கொண்ட 1.12 பில்லியனின் கடைசித் தவணை, 58 கோடி டொலர் சொச்சம், வந்ததும் அந்த வருடம்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு மெல்லியது என்பதற்குக் கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையம் நல்ல உதாரணம். அதானி குழுமம் 51 சதவீதம், ஜோன் கீல்ஸ் 34, துறைமுக அதிகாரசபை 15 என்ற பங்கில் அமைந்த கம்பனி. 2023 நவம்பரில் அமெரிக்க அரசின் அபிவிருத்தி நிதி நிறுவனம் இதற்கு 553 மில்லியன் டொலர் கடன் தருவதாக அறிவித்தது. ஒரு வருடம் கழித்து, அந்தக் கடன் வேண்டாம், சொந்த நிதியிலேயே முடிக்கிறோம் என்று அதானி தரப்பு விலகிக்கொண்டது. அந்தக் கடன் வந்திருந்தால் எந்த நிரலில் எழுதியிருப்பார்கள்? அமெரிக்க நிறுவனத்துக்கு முனையத்தில் பங்கு இல்லை. ஆகவே நாணய நிதியக் கைநூலின்படி அது நேரடி முதலீடு அல்ல, சாதாரண வெளிநாட்டுக் கடன். அதே 553 மில்லியனை அதானி குழுமம் வெளியே எங்காவது வாங்கித் தானே கொழும்புக் கம்பனிக்குக் கடனாகக் கொடுத்திருந்தால் அது நேரடி முதலீடு. கொழும்பில் நிற்கும் கிரேன்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, சொந்தப் பிள்ளைக்குக் காசு கொடுக்கும்போது ஏன் கடனாகக் கொடுக்க வேண்டும்?

திருப்பி எடுப்பது சுலபம் என்பது ஒரு காரணம். பங்காகப் போட்ட காசை வெளியே எடுக்க இலாபம் காட்ட வேண்டும், பங்குலாபம் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் கம்பனி கடன் தீர்க்கும் நிலையில் இருக்கிறது என்று பணிப்பாளர்கள் திருப்திப்பட வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம். மூலதனத்தையே குறைப்பதென்றால் அது தனி வழக்கு. கடனுக்கு இந்தச் சடங்கெல்லாம் குறைவு. தவணை வந்தது, கட்டினோம் என்று முடிந்துவிடும். கம்பனி மூழ்கினாலும் கடன் கொடுத்தவருக்குப் பிறகுதான் பங்குதாரர்.

அடுத்தது வரி. இலாபத்தில் கட்டும் பங்குலாபம் வரிக்குப் பிந்திய காசு, கடனுக்குக் கட்டும் வட்டியோ செலவு. மகள் கம்பனி வருடத்தில் 10 கோடி ரூபா உழைக்கிறது என்று வையுங்கள். முழுவதும் பங்கு மூலதனம் என்றால் 30 சதவீத வரியில் 3 கோடி அரசுக்கு. தாய்க் கம்பனிக்கு 4 கோடி வட்டி கட்டுவதாகக் காட்டினால் வரிக்குரிய இலாபம் 6 கோடி, வரி 1.8 கோடி. மிச்சம் 1.2 கோடி. வட்டி போய்ச் சேரும் நாட்டில் வரி குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் அந்த மிச்சம் குழுமத்துக்கே.

இந்த விளையாட்டை நீதிமன்றம் வரைக்கும் இழுத்துப் பார்த்த வழக்கு அவுஸ்திரேலியாவில் நடந்தது. அமெரிக்க எண்ணெய்க் குழுமமான செவ்ரோனின் அவுஸ்திரேலியக் கம்பனி அமெரிக்காவில் ஒரு மகள் கம்பனியை உருவாக்கியது. அந்த மகள், குழுமத்தின் பெயர் தரும் தைரியத்தில், அமெரிக்கச் சந்தையில் சுமார் 1.2 சதவீத வட்டிக்குக் குறுங்காலக் கடன் எடுத்தது. எடுத்ததை 2003இல் செய்த ஓர் ஒப்பந்தத்தின்படி தன் தாயான அவுஸ்திரேலியக் கம்பனிக்குச் சுமார் 9 சதவீதத்துக்குக் கடனாகக் கொடுத்தது. தொகை 2.5 பில்லியன் அமெரிக்க டொலருக்குச் சமமான அவுஸ்திரேலிய டொலர். தாய் கட்டிய 9 சதவீதம் அவுஸ்திரேலியாவில் செலவாகக் கழிந்தது. மகள் கையில் சேர்ந்த இலாபம் பங்குலாபமாகத் தாய்க்கே திரும்பி வந்தது, அதற்கு அங்கும் வரி இல்லை, இங்கும் வரி இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது என்பார்களே, அதற்கு வட்டியும் வைத்தால் எப்படி இருக்கும் என்று இங்கே பார்க்கலாம்.

அவுஸ்திரேலிய வரித்துறை இதை எதிர்த்தது. வழக்கின் மையம் ஒரே கேள்வி: சொந்தக் குடும்பம் இல்லாத ஒருவரிடம் வாங்கியிருந்தால் இந்தக் கம்பனி இந்த வட்டி கட்டியிருக்குமா? செவ்ரோன் தரப்பு, தனியாக நிற்கும் ஒரு கம்பனி பிணை இல்லாமல் வாங்கினால் இவ்வளவு வட்டிதான் ஆகும் என்றது. நீதிபதிகள் ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய குழுமத்தின் பிள்ளை தெருவில் அநாதையாகப் போய்க் கடன் கேட்காது, தாயின் பிணையோடுதான் போகும், அப்போது வட்டி எவ்வளவோ குறையும் என்ற வழியில் தீர்ப்பு போயிற்று. 2015இல் ஒருமுறை, 2017 ஏப்ரலில் முழு அமர்வில் இன்னொரு முறை செவ்ரோன் தோற்றது. அதே வருடம் ஓகஸ்டில் மேல்முறையீட்டையும் கைவிட்டது. பொருளியல் பாடத்துக்கு இதில் இருப்பது என்னவென்றால், அந்த 2.5 பில்லியன் எந்தக் கிணற்றையும் தோண்டுவதற்கென்று அந்த வடிவத்தில் வரவில்லை. அந்த வடிவம் வரிக்காகச் செதுக்கப்பட்டது. எல்லை தாண்டிய முதலீட்டுப் புள்ளிவிபரத்தில் அதுவும் குடும்பக் கடன்தான்.

இந்த மாதிரி விளையாட்டைத் தடுக்கப் பல நாடுகள் வட்டிக் கழிவுக்கு வேலி போட்டிருக்கின்றன. இந்தியா 2017இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவின்படி, வெளிநாட்டு உறவுக் கம்பனிக்குக் கட்டும் வட்டி ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால், வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்திய இலாபத்தில் 30 சதவீதம் வரைதான் செலவாகக் காட்டலாம். இலங்கையின் 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத்திலும் மூலதனத்தின் அளவை வைத்து நிதிச் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. வேலி போட்டால் அதற்கேற்ற ஆடும் வரும். இந்தியாவில் கட்டாயம் பங்காக மாறவேண்டிய கடன் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டு விதிகளின் கண்ணுக்கு அது பங்கு. மாறும் வரைக்கும் கட்டும் வட்டியை வரிக் கணக்கில் செலவாகக் காட்டுவதும் நடக்கிறது. அந்த நிரலில் "பங்கு" என்று எழுதியிருப்பதெல்லாம் முழுப் பங்கு அல்ல.

நாணயம் சரியும்போது இந்த வரியின் முகம் மாறுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தாய்க் கம்பனி ஒரு கோடி டொலரைப் பங்காகப் போட்டிருந்தால் அந்த நட்டம் தாய்க் கம்பனியின் தலையில். இங்கே இருக்கும் சொத்தின் டொலர்ப் பெறுமதி குறைந்தது, அவ்வளவுதான். டொலர்க் கடனாகக் கொடுத்திருந்தால், 200 கோடி ரூபாவாக இருந்த கடன் சில வாரங்களில் 360 கோடி. சுமை முழுக்க உள்ளூர்க் கம்பனியின் ஐந்தொகையில். ஆடை ஏற்றுமதி செய்பவருக்கு வரவும் டொலர் என்பதால் சமாளிக்கலாம். உள்ளூரில் ரூபாவுக்கு விற்கும் கம்பனிக்கு அது கழுத்தைப் பிடித்த மாதிரி. நேரடி முதலீடு என்றால் நட்டத்திலும் கூடவே நிற்கும் காசு என்று பாடப்புத்தகம் சொல்வது பங்கு வரிக்குப் பொருந்தும். கடன் வரி நட்டத்தில் பங்கு கேட்டு வருவதில்லை.

இதனால்தான் குறிகாட்டியாகப் பார்க்கும்போது மூன்று வரிகளும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. பங்கு மூலதனம் மெதுவாக நகரும். காணி வாங்கி, அனுமதி எடுத்து, ஆள் சேர்ப்பதோடு வருவது அது. அங்கேயே விட்ட இலாபம் கடந்த வருட வியாபாரத்தின் நிழல். கடன் வரிதான் இன்றைய காற்றுக்கு ஆடும். தலைமையகத்தின் நிதிப் பிரிவில் இருப்பவர் வட்டி வித்தியாசத்தைப் பார்த்து ஒரு மின்னஞ்சலில் மாற்றிவிடக்கூடியது.

2023இன் மூன்றாம் காலாண்டில் சீனாவுக்கான நேரடி முதலீட்டுப் பாய்ச்சல், முதலில் வெளியான கணக்கின்படி, மைனஸ் 11.8 பில்லியன் டொலர். அந்தத் தொடர் வெளிவரத் தொடங்கியபின் முதல்முறையாகப் பூச்சியத்துக்குக் கீழே போனது. உலகம் சீனாவை விட்டு ஓடுகிறது என்று தலைப்புகள் வந்தன. அரசியல் பயமும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து வட்டியைப் பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயிருந்தது, சீனாவிலோ வட்டி இறங்கிக்கொண்டிருந்தது. சீனாவில் குறைந்த வட்டிக்கு யுவானில் கடன் எடுத்துத் தாய்க் கம்பனியின் டொலர்க் கடனைத் திருப்பிக் கட்டுவதுதான் அப்போது புத்திசாலித்தனம். தொழிற்சாலை அங்கேயே ஓடிக்கொண்டிருக்க, நேரடி முதலீடு மட்டும் கணக்கில் வெளியேறும். எவ்வளவு பயம், எவ்வளவு வட்டிக் கணக்கு என்று தலைப்பு எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பொருளியலாளர்கள் ஒலிவியே பிளாஞ்சாரும் ஜூலியன் அகலானும் 2016இல் எழுதிய ஆய்வும் இதைத்தான் தொட்டது. வளரும் நாடுகளுக்கு உள்ளே வரும் நேரடி முதலீடும் வெளியே போகும் நேரடி முதலீடும் காலாண்டுக் கணக்கில் ஒன்றாகவே ஏறி இறங்குவதையும், அமெரிக்க வட்டிக்கு அவை அசைவதையும் காட்டி, அளக்கப்படுவதில் கணிசமான பங்கு கடந்து போகும் காசுதான் என்றார்கள்.

மறுபக்கமும் நடக்கும். பிரேசிலின் அரச எண்ணெய்க் கம்பனியான பெட்ரோப்ராஸ் நெதர்லாந்தில் ஒரு நிதி மகளை வைத்திருக்கிறது. உலகச் சந்தையில் டொலர்ப் பத்திரம் விற்பது அந்த மகளின் வேலை. இப்படிப்பட்ட மகள் திரட்டிய காசைப் பிரேசிலில் இருக்கும் தாய்க்குக் கடனாக அனுப்பும்போது, யார் தாய், யார் மகள் என்று பார்க்காமல் கட்டவேண்டியதையெல்லாம் பொறுப்பாக எழுதும் ஆறாம் பதிப்பின் சொத்து, பொறுப்பு முறைப்படி அது பிரேசிலின் நேரடி முதலீட்டுப் பொறுப்பாகப் பதியும். உண்மையில் நடந்தது என்ன? பிரேசில் கம்பனி ஒன்று வெளிநாட்டில் பத்திரக் கடன் வாங்கியிருக்கிறது. எந்த வெளிநாட்டுக்காரரும் பிரேசிலில் தொழில் தொடங்க வரவில்லை. சந்தை இறுகினால் முதலில் நின்றுபோவதும் இந்த வகைக் காசுதான்.

காசு கடந்து போவதற்கு மட்டும் பயன்படும் இடைவழி நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019இல் நாணய நிதியத்தின் பத்திரிகையில் வந்த மதிப்பீட்டின்படி, உலக நேரடி முதலீட்டு இருப்பில் ஏறத்தாழ 40 சதவீதம், 15 டிரில்லியன் டொலர், வெற்றுக் கம்பனிகள் வழியே போகும் ஆவி முதலீடு. அப்போது ஆறு லட்சம் பேர் வாழ்ந்த லக்சம்பேர்க்கின் கணக்கில் இருந்த நேரடி முதலீடு மொத்தம் 4 டிரில்லியன். "முதலீட்டில் முதலிடம் வகிக்கும் நாடுகள்" என்ற பட்டியலில் நெதர்லாந்தோ மொரிஷியஸோ மேலே நின்றால், அது அங்கிருக்கும் தொழிலதிபர்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை.

எல்லாக் குறைவையும் கடன் வரியின் மேல் போடவும் கூடாது. இந்தியாவுக்கு 2024–25இல் மொத்தமாக வந்தது சுமார் 81 பில்லியன் டொலர். முதலில் வெளியான கணக்கில், வெளியே போனதைக் கழித்த நிகரம் அரை பில்லியனைக்கூடத் தொடவில்லை. ஆனால் அங்கே வெளியே போனதில் பெரும்பகுதி பங்கை விற்றுக் கொண்டுபோன காசும், இந்தியக் கம்பனிகள் தாங்களே வெளிநாட்டில் போட்ட முதலீடும். தாய்க் கம்பனிக் கடனின் கதை அல்ல.

இலங்கைக் கணக்கில் நான் போய்ப் பார்க்கும் இடம் வேறொன்று. மத்திய வங்கி வெளியிடும் வெளிநாட்டுப் படுகடன் அட்டவணையில் அரசாங்கம், மத்திய வங்கி, வர்த்தக வங்கிகள், ஏனைய துறைகள் என்று போய், நேரடி முதலீட்டுக் கம்பனிகளுக்கு இடையிலான கடன் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. தாய்க் கம்பனி தந்த அதே டொலர்தான் அது. ஒரு மேடையில் "முதலீடு வந்தது" என்று கைதட்டு வாங்கியது, இன்னொரு மேடையில் "வெளிநாட்டுக் கடன் பெருகிவிட்டது" என்ற முறைப்பாட்டுக்குள்ளும் நிற்கிறது. இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்தால், நேரடி முதலீடு ஏறியது பங்காலா கடனாலா என்று ஓரளவு பிடிபடும். ஒரு காலாண்டை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, குறைந்தது நான்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கடனுக்கான வட்டி முதலீட்டுக் கணக்கில் தெரியாது. அது முதனிலை வருமானம் என்ற வேறொரு கணக்கில், இலாபம் வந்த வருடமும் வராத வருடமும், வெளியே போய்க்கொண்டிருக்கும்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தி, பின்னர் பத்திரக்காரரோடும் கடன் கொடுத்த நாடுகளோடும் பேரம் பேசியது அரசாங்கத்தின் கடனுக்கு. தாய்க் கம்பனிக் கடன்கள் அந்தப் பேச்சுக்குள் வருவதில்லை, அவற்றைக் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். மகள் கட்ட முடியாத நிலையில் இருந்தால் தாய்க்கு இருக்கும் வழிகளில் ஒன்று கடனைப் பங்காக மாற்றிவிடுவது. அப்படி மாற்றினால் கடன் வரியில் கழித்தலும் பங்கு வரியில் கூட்டலும் விழும். நேரடி முதலீட்டின் மொத்தம் அசையாது, ஒரு டொலரும் எல்லை தாண்டியிருக்காது. ஆனால் பங்கு மூலதனம் என்ற வரியை மட்டும் பார்ப்பவருக்கு, நெருக்கடி நடந்த வருடத்தில் வெளிநாட்டவர் புதிதாக நம்பிக்கை வைத்துக் காசு போட்டது போலத் தெரியும். கடையை மூட வேண்டிய நிலையில் நிற்கும் தம்பியிடம் கனடா அண்ணன், "சரி விடு, அந்தக் கைமாற்றைப் பங்காக வைத்துக்கொள்" என்று சொல்லியிருப்பார்.